பாட்டரிக்குக் கஞ்சி

எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் வண்டி இருக்கிறது. இருக்கிறது என்பதுதான் சரியான வார்த்தை. ஓடுகிறது என்று சொன்னால் அவ்வளவு சத்தியமாகாது. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கடைத்தெரு அதைவிடக் கிட்டம். ஆகையால் கல்யாணம், கார்த்திகை, குலதெய்வத்தின் கோயில் என்று ஏதாவது வந்தால்தான் வண்டி வாசலைத் தாண்டும். மற்ற நாட்களில் அது வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு காக்கைகளுக்கு ஆசனமாக உபயோகப்படும்.

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தது. நான் வண்டியைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. ஓடாத வண்டிக்கு ஊர் அடங்கினால் என்ன, அடங்காவிட்டால் என்ன? நாலு நாள் இருந்து போகலாம் என்று வந்திருந்த என் மாமியார், திரும்பிப் போக வழியில்லாமல் எங்களுடனேயே தங்கிவிட்டார். வீட்டில் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை.

மே மாதம் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் நள்ளிரவு. மாமியாருக்கு வெகு காலமாக உள்ள இழுப்பு, அன்று அளவு மீறிவிட்டது. மூச்சு வாங்குகிற சப்தம் கூடம் வரையில் கேட்டது. நான் சாவியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினேன். சாவியைத் திருப்பினால், 'டிக், டிக்' என்று பல்லி சொல்வது போல் ஒரு சப்தம். மறுபடி திருப்பினேன். அந்தப் பல்லியும் வாயை மூடிக்கொண்டது.

என் மனைவியும் மூத்த பையனும் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார்கள். அந்தக் காலத்து வண்டிகள் தள்ளினால் கிளம்பிவிடும். இந்தக் காலத்து வண்டியில் பெட்ரோலை மேலே ஏற்றும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். எஞ்சினுக்குக் கணக்கு எழுதும் சிறு கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டும். பாட்டரி அடியோடு வற்றிப்போன பிறகு தெருக்கோடி வரை தள்ளினாலும் பயனில்லை. நாங்கள் தெருக்கோடி வரைதான் தள்ளினோம். நல்ல வேளையாக, எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சந்தடி கேட்டு எழுந்து வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் பிராண வாயு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மாமியார் சௌக்கியமாக வீடு திரும்பினார்.

எனக்குத்தான் வெட்கம் தீரவில்லை. வருஷந்தோறும் ஈய மின்கலத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, மாணவர்களை அதட்டி உருட்டி ஒப்பிக்கச் செய்கிறவன் நான். அந்தப் பாடத்தை இங்கேயும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நேயர்கள் பயப்பட வேண்டாம், பரீக்ஷை கிடையாது.

பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானியான காஸ்டன் பிளாந்தே என்பவர் 1859-ம் வருஷத்தில் இரண்டு ஈயத் தகடுகளைச் சேர்த்துச் சுருட்டி, கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் சேமித்து வைத்துத் திரும்ப வாங்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். இன்று நம் வண்டிகளில் இருப்பது அதன் பேரப்பிள்ளைதான். கறுப்புப் பெட்டிக்குள்ளே ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் 2 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகக் கொடுக்கும். ஒரு பக்கத் தகட்டில் கடற்பஞ்சு போன்ற ஈயம். மறு பக்கத்தில் ஈயமும் பிராண வாயுவும் கூடிய பழுப்புப் பொருள். மின்சாரத்தை நாம் செலவழிக்கும்போது திராவகத்திலுள்ள கந்தகச் சத்து இரண்டு தகடுகளிலும் போய் ஒட்டிக்கொண்டு ஈய ஸல்பேட் ஆகிறது. திராவகம் நீர்த்துப் போகிறது. மின்சாரத்தைத் திரும்பச் செலுத்தினால் ஸல்பேட் கரைந்து, கந்தகச் சத்து திராவகத்துக்கே வந்து சேருகிறது. இவ்வளவுதான் ரகசியம்.

ஆனால் இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. இட்லி மாவு அரைத்த பாத்திரத்தை உடனே கழுவினால் ஒரு செம்புத் தண்ணீரில் சுத்தமாகிவிடும். இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டால் மாவு ஓடாகக் காய்ந்து, தேய்ப்பவர் கைதான் நோகும். ஸல்பேட்டும் அப்படியே. புதிதாகப் படிந்தது மாவு போல் மிருதுவாக இருக்கும். சார்ஜ் ஏற்றியதும் கரையும். வாரக் கணக்கில் அப்படியே விட்டால் பெரிய பெரிய பளிங்குகளாக இறுகி, மின்சாரத்தை உள்ளே விடாமல் கதவடைத்துக்கொள்ளும். பாட்டரிகள் உழைப்பினால் சாவதைக் காட்டிலும், பட்டினியோடு சும்மா கிடந்து சாவதே அதிகம் என்று சொல்லலாம்.

"வண்டியைத்தான் பூட்டி வைத்திருந்தீர்களே, மின்சாரம் எங்கே போயிற்று?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பூட்டிய வண்டியிலும் கடிகாரம் ஓடுகிறது. கதவுப் பூட்டுக்குக் காவல் இருக்கும் கருவி விழித்திருக்கிறது. ரேடியோ தன் ஞாபகத்தைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறது. எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. மார்ச்சுக் கடைசியிலிருந்து அந்த ராத்திரி வரையில் 45 நாள். பெருக்கினால் 32.4. என் பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் மணி! எஞ்சினைச் சுழற்றுவதற்கு ஒரு க்ஷணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். தனியாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகிப்போன குடத்திடம் போய், குளிக்க வெந்நீர் கேட்டால் எப்படி?

ஊரடங்கு தளர்ந்ததும் மெக்கானிக் வந்தார். மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப் போச்சு ஸார், புதுசு போட்டுடுங்க" என்று ஒரே வார்த்தையில் மரணச் சான்றிதழ் எழுதிவிட்டார். என் ஒன்றுவிட்ட தமையனாரோ, "அதெல்லாம் வேண்டாமடா. பேதி உப்பு ஒரு பொட்டலம் வாங்கிக் கரைத்து ஊற்று, எழுந்து உட்காரும்" என்று வைத்தியம் சொன்னார்.

பேதி உப்பு வைத்தியத்துக்கு உலகப் பிரசித்தமான ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஓக்லண்டு நகரில் ஜெஸ் ரிச்சி என்பவர், பாட்டரிக்கு உயிர் கொடுக்கும் என்று சொல்லி 'ஏ.டி.எக்ஸ்.2' என்ற ஒரு பொடியை விற்றுவந்தார். பேதி உப்பும் அதற்கு உறவான ஸோடியம் ஸல்பேட்டும் கலந்த பொடி அது. அந்நாட்டு அரசாங்கத்தின் தர நிர்ணய நிலையத்தார் சோதித்துப் பார்த்து, பொடியினால் பயன் ஒன்றுமில்லை என்றார்கள். 1953-ல் புதிதாக வந்த வர்த்தக மந்திரி வீக்ஸ் என்பவருக்கு இது பிடிக்கவில்லை. கடைத்தெருவில் ஜனங்கள் விரும்பி வாங்கும் சரக்கை ஆராய்ச்சிக்காரர்கள் குறை சொல்வதாவது! நிலையத்தின் தலைவரான ஆலன் ஆஸ்டினை ராஜினாமாச் செய்யும்படி சொல்லிவிட்டார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள். நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் பலர் தாங்களும் விலகிவிடுவதாகச் சொன்னார்கள். கடைசியில் ஆஸ்டின் பதவியிலேயே நிலைத்தார். அவ்வருஷமே அந்நாட்டு விஞ்ஞானக் கழகம் நியமித்த கமிட்டியும், பொடியில் சாரமில்லை என்று முடிவு கூறிற்று.

அப்படியானால் பொடி போட்டுப் பிழைத்ததாக அத்தனை பேர் சாட்சி சொன்னார்களே, அது பொய்யா? பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். பொடி போட்டவர்கள் பாட்டரியைச் சும்மா விட்டுவிடுவதில்லை. கூடவே நிதானமாகச் சார்ஜும் ஏற்றுவார்கள். பிழைக்க வைத்தது அந்தச் சார்ஜுதான்; பெயர் வாங்கியது பொடி. வைத்தியர் கொடுத்த பத்தியத்தில் குணமானவன் மந்திரவாதியின் தாயத்தைப் புகழ்வது போல.

ஆகவே நான் உப்பு வாங்கவில்லை. கடைக்காரர்கள் 'ஸ்மார்ட் சார்ஜர்' என்று சொல்லும் கருவி ஒன்றை வாங்கினேன். கைக்கு அடக்கமான பெட்டி, இரண்டு கம்பிகள், சில சிறு விளக்குகள். இதற்கு முன்பு பட்டறைகளில் இருந்த முரட்டுச் சார்ஜருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: மின்சாரத்தைத் தள்ளுவது. மாட்டிவிட்டு மறந்தால் திராவகம் கொதித்து, தண்ணீர் வற்றி, தகடு வளைந்து போகும். புதிய பெட்டி, உண்டவன் முகத்தைப் பார்த்துப் பரிமாறும் வகை. வெகு நாள் லங்கணம் கிடந்தவனுக்கு எடுத்தவுடன் விருந்து வைப்பார்களா? முதலில் கஞ்சித் தெளிவு, பிறகு கஞ்சி, அப்புறம் குழைந்த சாதம், கடைசியில்தான் சாப்பாடு. இந்தக் கருவியும் முதலில் வோல்ட்டை அளந்து பார்க்கிறது. மிகவும் இளைத்திருந்தால் சிறு சிறு துடிப்புகளாக மின்சாரத்தை விட்டு, இறுகிய ஸல்பேட்டை இளக்கப் பார்க்கிறது. பிறகு ஒரே அளவாக மின்சாரம் ஏற்றுகிறது. சுமார் 14.4 வோல்ட்டை எட்டியதும் அங்கேயே நிறுத்திக்கொண்டு, பாட்டரி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே கொடுக்கிறது. போதுமென்று தெரிந்ததும் 13.6 வோல்ட்டு அளவுக்கு இறங்கி, ஒழுகியதை மட்டும் ஈடு செய்துகொண்டு காவல் இருக்கிறது. மாதக் கணக்கில் மாட்டியிருந்தாலும் கெடுதலில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பாட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் கொடுப்பதாக இருந்தால் போதும். என் 35-க்கு மூன்றரை, நாலு. சீக்கிரம் ஏறவேண்டுமென்று பெரியதை வாங்குவது பாட்டரிக்கு நல்லதல்ல. லித்தியம் பாட்டரிக்கு ஈயப் பாட்டரியின் சார்ஜரை மாட்டவே கூடாது. சில கருவிகளில் புனருத்தாரணம் செய்வதற்கென்று 15 வோல்ட்டுக்கு மேல் போகும் தனிப் பொத்தான் இருக்கும். மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் பாட்டரியை, வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்துத்தான் அதை அமுக்கலாம்.

இனி என் நோயாளியின் கதை. சார்ஜரில் மாட்டும்போது 11.1 வோல்ட்டு. முதலில் தண்ணீர் மட்டம் பார்த்து, தகடு மூழ்கும்படி வாலை நீர் ஊற்றினேன். கிணற்று நீரில் உப்பு உண்டு, கூடாது. திராவகமும் ஊற்றலாகாது; ஆவியாகிப் போனது தண்ணீர்தானே தவிரத் திராவகம் அல்ல. முனைகளில் பூத்திருந்த பச்சையும் வெள்ளையுமான பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்தேன். முதல் நாள் முழுவதும் சிவப்பு விளக்கே எரிந்தது. இரண்டு இரவும் ஒரு பகலும் ஆன பிறகு பச்சை. உடனே நம்பவில்லை, கழற்றி ஒரு நாள் சும்மா வைத்திருந்து அளந்தேன். 12.5 வோல்ட்டு! நிறைந்த பாட்டரிக்கு 12.6-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதி வயிறு. 12-க்குக் கீழே போனால் பட்டினி. என்னுடையது பழைய பலம் முழுவதையும் அடையவில்லை. ஆனாலும் இரண்டு வருஷம் தவறாமல் உழைத்தது.

செய்தி பரவி, எங்கள் பள்ளிச் சங்கீத ஆசிரியரும் தம் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு ஆறு வயது. ஒரு பகல் முழுவதும் ஏற்றியும் 10.4 வோல்ட்டுக்கு மேல் நிற்கவில்லை. திராவகமானியை விட்டுப் பார்த்தேன். ஐந்து அறைகளில் 1.23, ஆறாவதில் 1.10. அந்த ஓர் அறையில் தகட்டுப் பொருள் உதிர்ந்து அடியில் சேர்ந்து, உள்ளுக்குள்ளேயே குறுக்கு வழி ஏற்பட்டுவிட்டது. ஆறு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவன் படுத்துவிட்டான். இதற்குச் சார்ஜரும் இல்லை, சஞ்சீவியும் இல்லை. "இன்னும் ஒரு நாள் வைத்துப் பாருங்களேன்" என்று அவர் மன்றாடினார். வேண்டாமென்று சொல்லிக் கடைக்கே அனுப்பினேன். கடையில் பழையதை எடுத்துக்கொண்டு புதியதன் விலையில் கழித்துக் கொடுத்தார்கள். ஈயம் உருக்கித் திரும்ப உபயோகமாகும். ஆனால் தெருவோரத்தில் உடைத்து உருக்குகிறவர்களிடம் மட்டும் கொடுக்கக் கூடாது. அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

வாரம் ஒரு முறை வாசலில் நிறுத்தி ஐந்து நிமிஷம் எஞ்சினை உறுமவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். கிளப்புவதற்குச் செலவானதே அதில் சரியாக ஈடாவதில்லை. ஓட்டுவதானால் அரை மணி நேரமாவது ஓட்டவேண்டும். இல்லையேல் சார்ஜரில் மாட்டவேண்டும். மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கூட்டல் குறி முனை. பிறகு கழித்தல் கம்பியை வண்டியின் இரும்புச் சட்டத்தில், பாட்டரிக்குச் சற்றுத் தள்ளி. கடைசியில்தான் சுவரிலுள்ள ஸ்விட்சு. கழற்றும்போது தலைகீழ். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பொறி பட்டால் வெடிக்கும். ஆயுத பூஜையன்று பாட்டரிக்குச் சந்தனமும் குங்குமமும் தாராளமாக இடலாம். சார்ஜரில் இருக்கும்போது கற்பூரம் காட்டுவதை மட்டும் ஸ்வாமி பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்தில் முதல் சனிக்கிழமை பாட்டரிக்கு எண்ணெய்க் குளியல் நாள் மாதிரி. பெண் வோல்ட்டு மீட்டரைப் பிடித்து எண்ணை உரக்கப் படிக்கிறாள். பையன் கம்பியை மாட்டுகிறான். ஊருக்குப் போய்விட்ட என் மாமியார் அன்று சாயங்காலம் தவறாமல் டெலிபோனில் கூப்பிடுகிறார். மாப்பிள்ளையிடம் நேரே கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தம் பெண்ணிடந்தான் கேட்கிறார்: "ஏண்டி, மாப்பிள்ளை பாட்டரிக்குக் கஞ்சி கொடுத்தாச்சாமா?"