மருந்துக் கடை திறப்பு, மாணவர்க்குக் கதவடைப்பு!

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ந் தேதி ஊரடங்கு அமலுக்கு வந்தது. திருத்தணி மலைக் கோவிலின் 365 படிகளிலும் பக்தர் நடமாட்டம் நின்றது. சென்னைக்குப் போகும் மின்சார ரயிலும் நின்றது. ஆனால், மருந்துக் கடை திறந்திருந்தது. அது அத்தியாவசியப் பணி என்று சர்க்கார் விலக்கு அளித்திருந்தது. அந்தக் கடையில் நின்று தொழில் பழகவேண்டிய மாணவர்தாம் வீட்டில் செல்போனைப் பார்த்துக் கொண்டிருந்தார். விந்தை அல்லவா?

மருந்தியல் பட்டயப் படிப்புக்கு அப்பொழுது இருந்தவை 1991-ஆம் ஆண்டின் விதிகள். இரண்டு ஆண்டு படித்த பிறகு, மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி பெறவேண்டும். அதில் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பதில் கழியவேண்டும். அதன் பிறகுதான் பதிவு. பதிவு இல்லாதவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதை 1948-ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டம் தடுக்கிறது.

ஆஸ்பத்திரிகள் நோயாளிகளால் நிரம்பின. மாணவருக்கு அங்கே இடம் இல்லை. எனவே கல்லூரிகள் திரையை நாடின. மாதிரிச் சீட்டு ஒன்று திரையில் தோன்றும். எந்த மருந்தோடு எந்த மருந்து சேரக்கூடாது, குழந்தைக்கு எவ்வளவு அளவு என்று மாணவர் சொல்லவேண்டும். இதைக் குறைத்துப் பேசக்கூடாது. கூட்டம் நெருக்கும் கடையில் இவ்வளவு நிதானமாகச் சொல்லிக்கொடுக்க யாருக்கு நேரம் உண்டு?

ஆனால், டாக்டரின் கோழிக் கிறுக்கலைத் திரையில் யாரும் காட்டுவதில்லை, அச்செழுத்தில் காட்டுவார்கள்! ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மாத்திரைகள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பதும், இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டியிருக்க மின்சாரம் போய்விடுவதும் பாடத்தில் வருவதில்லை. திருத்தணியிலோ இன்னொன்றும் உண்டு. இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960-இல்தான். நகரிப் பக்கத்திலிருந்து வருகிறவர் தெலுங்கில் கேட்பார். "சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" என்பதை இரு மொழியிலும் சொல்லத் தெரியவேண்டும்.

இன்னும் கேளுங்கள். மார்ச்சு 26-ந் தேதி ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை மத்திய சர்க்கார் எச்-1 பட்டியலின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அதாவது சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும். "எனக்கு ஒரு அட்டை கொடுங்கள்" என்று அடம்பிடிப்பவரிடம் "முடியாது" என்று சொல்லிப் பழக அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. மாணவர் அங்கே இல்லை.

பிரிட்டனில் நடந்தது நேர்மாறு. 2020 ஜூனில் நடக்கவேண்டிய பதிவுத் தேர்வைத் தள்ளிவைத்து, 2021 மார்ச்சில் கம்ப்யூட்டரில் நடத்தினார்கள். அதுவரையில், பயிற்சி முடித்தவர்களுக்குத் தற்காலிகப் பதிவு கொடுத்து, மூத்த மருந்தாளுநர் மேற்பார்வையில் வேலைக்கு அனுப்பினார்கள். பரீட்சை திரைக்குப் போயிற்று. கைவேலை கடையிலேயே நடந்தது.

அந்த ஆண்டுகளில் திரையில் பழகியவர்களில் பலர் இன்று சீட்டு வாங்கி மருந்து கொடுக்கும் இடத்தில் நிற்கிறார்கள். விட்டுப்போன கைப்பழக்கத்தை அவர்கள் வேலையில் சேர்ந்த பிறகே, நோயாளி எதிரில் நிற்க, கற்றிருக்க வேண்டும். அடுத்த தொற்று வரும்போது, முகமூடியும் கையுறையும் கொடுத்து இரண்டிரண்டு பேராகவாவது கடைக்கு அனுப்பலாமே! மருந்தாளுநர் கவுன்சில் இதற்கு இப்போதே ஒரு விதி எழுதி வைத்தால் என்ன?