விடுபட்டதும் வெறுமையும் ஒன்றல்ல

ஒரு கருவியின் கையேடு ஒரு புலம் உண்டு என்கிறது. அக்கருவியின் வெளியீட்டில் அப்புலம் இல்லை. நிரலாளர்களுக்கு இது சிறிய வழு. தரவை நம்பி முடிவுரைக்கும் ஆய்வாளருக்கோ இது சான்றின் தகுதி பற்றிய கேள்வி. மொழியியல் துறைகளிலும் கட்டளைவரிக் கருவிகள் பரவலாகப் புழங்கும் இக்காலத்தில், இதைக் கணினித் துறையினரின் உள்விவகாரம் என ஒதுக்குவது தவறு என்பது என் கருத்து.

அண்மையில் நான் பயன்படுத்திய உருபனியல் பகுப்பாய்வுக் கருவி ஒன்றைச் சான்றாகக் கொள்வோம். ஒவ்வொரு சொல்லுக்கும் ‘மாற்றுப் பகுப்புகள்’ என்னும் புலம் இடம்பெறும் என்கிறது அதன் கையேடு. ‘வேங்கை’ என்பதைப் பிரிக்காது கொண்டால் மரம் அல்லது புலி. பிரித்தால் ‘வேம் + கை’. இத்தகைய பொதுமொழிகளுக்கே அப்புலம் தேவை. ஆனால் வெளியீட்டில் பெரும்பாலான சொற்களுக்கு அப்புலத்தின் பெயர்கூட இல்லை. இதற்கு மூன்று பொருள் கூறலாம். கருவி தேடிப் பார்த்தது, வேறு பகுப்பு இல்லை. கருவி தேடவே இல்லை. தேடிக் கண்டது, ஆனால் அச்சிடவில்லை. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதிப் பூச்சியம் என்று எண்ணினால், பொருள் மயக்கம் குறைந்த மொழி என்னும் போலி முடிவு ஓர் அட்டவணையாகி ஆய்வேட்டில் ஏறிவிடும்.

இத்தகைய விடுபடல்களுக்கு அறியப்பட்ட காரணங்கள் உண்டு. ‘கோ’ நிரல்மொழியில் ஒரு புலத்துக்கு ‘ஆம்னிட்எம்ப்டி’ என்னும் குறிப்பை இட்டால், அதன் மதிப்பு பூச்சியமாகவோ வெற்றுச் சரமாகவோ ‘பொய்’ என்பதாகவோ இருக்கும்போது அப்புலம் ஜேசன் வெளியீட்டிலிருந்து நீங்கிவிடும். பூச்சியம் என்பதும் ஒரு விடைதான். எண்ணிப் பார்த்துப் பெற்ற பூச்சியத்துக்கும் எண்ணாமல் விட்டதற்கும் உள்ள வேறுபாடு அங்கே அழிந்துபோகிறது.

‘யுனிவர்சல் டிபென்டென்சீஸ்’ திட்டத்தின் தரவு வடிவம் இதனினும் பொறுப்பானது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் 10 பத்திகள்; மதிப்பில்லாத இடத்தில் ஓர் அடிக்கோடு இடப்படும். பண்பே இல்லையா, குறிக்கப்படவில்லையா என்பதை அந்த அடிக்கோடும் சொல்லாது. ஆயினும் இடம் காலியாக உள்ளது என்பதையாவது கண்ணுக்குக் காட்டுகிறது.

மறைதல் தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. ‘பால் குடித்தான்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறது. எது மறைந்தது என்பதை வேற்றுமைத்தொகை என்னும் பெயரே அறிவிக்கிறது. ‘ஊறுகாய்’ என்பதில் காலம் கரந்து நிற்கிறது. ஆனால் முக்காலத்துக்கும் உரியது என வினைத்தொகையின் இலக்கணம் வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. மீட்கக்கூடிய மறைவும் உண்டு, ஒரே விடையாக மீட்க முடியாத மறைவும் உண்டு. இரண்டுக்கும் விதி உண்டு. விதி கூறாமல் மறைப்பது தொகையாகாது, இழப்பே ஆகும்.

வெளியீடு சுருக்கமாக இருக்க வேண்டாமா எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கூபர்நெட்டிஸின் கட்டளைவரிக் கருவியான ‘கூப்சிடிஎல்’ 2021இல் வெளிவந்த 1.21ஆம் பதிப்பு முதல், படிப்பவரைத் திணறடித்த ‘மேனேஜ்டு ஃபீல்ட்ஸ்’ என்னும் நீண்ட பகுதியை இயல்பாகக் காட்டுவதில்லை. ஆனால் வேண்டுவோர் அதனைப் பெறத் தனி விருப்பத்தேர்வை அது தந்தது. எனவே என் எதிர்ப்பு சுருக்கத்துக்கு அன்று, அறிவிக்காத சுருக்கத்துக்கே.

கருவி செய்வோரிடம் வேண்டுவது ஒன்றே: காலி மதிப்பைக் காலி என்றே அச்சிடுங்கள், இயலாதெனில் எந்நிலையில் எப்புலம் விடுபடும் என்பதைக் கையேட்டில் எழுதுங்கள். ஆய்வு மாணவர்கள் கருவியின் பதிப்பெண்ணையும் இட்ட கட்டளையையும் ஆய்வேட்டில் பதிவது நல்லது. எண்ணத் தொடங்குமுன், ஒவ்வொரு புலமும் எத்தனை சொற்களுக்கு வந்துள்ளது என்று சரிபார்ப்பது அதனினும் நல்லது. நெறியாளர்களும் மதிப்பீட்டாளர்களும் அட்டவணையில் பூச்சியத்தைக் கண்டால், அது எண்ணிப் பெற்றதா, விடுபட்டதால் வந்ததா என்று கேட்கவேண்டும். கருவிகள் குறைவாக உள்ள இந்திய மொழிகளில், ஒரே கருவியின் வெளியீட்டைப் பலரும் சார்ந்திருக்கும்போது, அந்த ஒரு கேள்வி பல ஆய்வேடுகளைக் காக்கும்.