ராத்திரி எட்டு மணிப் பஞ்சாயத்து

ராத்திரி எட்டு மணி ஆனால் போன வருஷம் வரை எங்கள் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். பிராது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளை சாப்பிடலை." குற்றவாளிக் கூண்டில் நிற்பதும் ஒருத்தியேதான், என் மருமகள்.

பேத்திக்கு அப்போது இரண்டு வயசு நாலு மாசம். மருமகள் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஆறரை மணிக்கு பஸ் இறங்கி வந்து, கைகால் கழுவி, சோறு குழைய வடித்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து கிண்ணத்தோடு உட்காருவாள். முதல் வாய்க்கே பேத்தி உதட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். அடுத்த வாய்க்கு முகத்தைத் திருப்பும். மூன்றாவது வாய் தரையில் கிடக்கும். அப்புறம் செல்போன் வரும், பூச்சாண்டி வருவான், போலீஸ்காரர் வருவார், கடைசியில் அழுகை வரும். பிள்ளை ஒரு பக்கம், பெற்றவள் ஒரு பக்கம்.

என் வீட்டுக்காரி சொல்வாள்: "எங்க கையில நாலு பிள்ளைக வளந்துச்சு. ஒண்ணுகூட இப்படி அடம் பிடிச்சதில்லை." பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடி, "பிள்ளைக்குச் சோறூட்டத் தெரியணும் கண்ணு, அதுக்குப் பொறுமை வேணும்" என்பார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பிள்ளை இளைச்சுப் போச்சு" என்று தீர்ப்பு எழுதுவேன்.

ஒருநாள் ராத்திரி மருமகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, பகல் முழுக்க பிள்ளை என்ன சாப்பிட்டுச்சுன்னு நீங்களே ஒருநாள் எழுதிப் பாருங்க. கணக்கு எழுதுறவங்கதானே நீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குச் சுருக்கென்றது.

நான் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவன். விவசாயி கொண்டு வந்த தக்காளி எத்தனை பெட்டி, முருங்கை எத்தனை கட்டு, கேரளாவுக்கு எந்த லாரியில் எவ்வளவு ஏறியது என்று சிட்டை போடாமல் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை. அப்படிப்பட்டவனைப் பார்த்து, கணக்குப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறாய் என்று ஒரு பெண் நாசூக்காகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் பழைய டைரியை எடுத்து எழுதினேன். அதை அப்படியே தருகிறேன்.

காலை ஆறரை: சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர். எட்டு மணி: அரை இட்லி. ஒன்பதரை: பிஸ்கட் மூன்று (கொடுத்தது நான்). பதினொரு மணி: வாழைப்பழம் ஒன்று (பக்கத்து வீட்டு அக்கா). பதினொன்றரை: மறுபடி பால் (அப்பத்தா). மதியம் ஒரு மணி: ரசம் சோறு நாலு வாய். மூன்றரை: தூங்கி எழுந்ததும் பால். நாலரை: டீக்கடைக்கு என்னோடு வந்தபோது பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் (நான்). ஐந்தரை: தேங்காய் பன் பாதி (அப்பத்தா). ஆறேகால்: அட்டை டப்பாவில் வரும் மாம்பழ ஜூஸ் (மறுபடியும் நான்). ஏழு மணி: அம்மா வந்த சந்தோஷத்தில் அழாமல் இருக்கட்டும் என்று ஒரு முறுக்கும் அரை டம்ளர் பாலும்.

எட்டு மணி: "பிள்ளை சாப்பிடலை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேரேடு அன்றைக்கு ஏழு மணிக்கே நிரம்பிவிட்டது. நிரம்பிய ஏட்டில் இன்னும் எழுது என்று எட்டு மணிக்கு ஒருத்தியை உட்கார வைத்து வதைத்திருக்கிறோம். நொறுக்குத் தீனி வரிகளில் பாதிக்கு மேல் என் பெயர். மருமகளின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

ஆகவே நம் வயசுக்காரர்களுக்குச் சொல்கிறேன். ராத்திரி சாப்பாடு ராத்திரி கெடுவதில்லை. சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழுக்குள் நாம்தான் கெடுக்கிறோம். பாசத்தின் பெயரால் கெடுக்கிறோம். கெடுத்துவிட்டுப் பழியைப் பெற்றவள் மேல் போடுகிறோம்.

இன்னொரு கணக்கும் நமக்குத் தெரிவதில்லை. பிறக்கும்போது இரண்டே முக்கால், மூன்று கிலோ இருக்கும் குழந்தை ஒரு வயசில் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். அதே குழந்தை இரண்டாவது வருஷம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானத்துக்கு வந்துவிட்டால் பசியும் நிதானத்துக்கு வரும். "முந்தி நல்லாச் சாப்பிட்டுச்சு, இப்ப ஒண்ணும் எறங்கல" என்று ஒன்றரை வயசுப் பிள்ளையைப் பற்றி எல்லா வீட்டிலும் ஒரே பாட்டுப் பாடுவது இதனால்தான். நடக்க ஆரம்பித்த பிள்ளை புதுப் பண்டத்தைச் சந்தேகமாகப் பார்ப்பதும் அந்த வயசின் குணம். ஒரு புதுக் காயை எட்டு, பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று இந்தத் துறையில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நாம் இரண்டு தடவை வைத்துவிட்டு, "அதுக்குப் பீட்ரூட் பிடிக்காது" என்று ஊருக்கே அறிவித்துவிடுகிறோம்.

"அந்தக் காலத்தில் பிள்ளைகள் எதை வைத்தாலும் தின்னும்" என்ற பேச்சு இருக்கிறதே, அதையும் நிறுத்திக்கொள்ளலாம். தின்றது உண்மை. ஏன் தின்றது? அடுத்த வேளை உலை வைப்பார்களா என்று தெரியாது. களி என்றால் களி, கம்மங்கூழ் என்றால் கூழ். அது ஒழுக்கமில்லை, பசி. நம்மில் எத்தனை பேர் வீட்டில் தொட்டிலோடு போன தம்பி தங்கைகள் இருந்தார்கள் என்று நாமே எண்ணிப் பார்ப்போம்.

அந்தப் பசியைப் பார்த்துத்தான் 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது. அப்போது நம் ஊரும் மதுரை மாவட்டம்தான், திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல். மூன்று வயசுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் தராசில் நிறுத்தி அட்டையில் கோடு போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்குக் கொஞ்ச காலம் சத்துருண்டை கொடுத்து, தாய்க்கு வீட்டில் என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். எடை ஏறியதும் உருண்டையை நிறுத்திவிடுவார்கள். 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்துக்குப் போகாத சின்னஞ்சிறுசுகளுக்கும் மதியச் சோறு கிடைத்தது.

அந்தத் திட்டங்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இது: பிள்ளை வளர்கிறதா என்று சொல்ல வேண்டியது தராசு, தட்டில் மிஞ்சிய சோறு சொல்லக்கூடாது. மண்டியில் எடை போடாமல் விலை பேசினால் சிரிப்பார்கள். வீட்டில் மட்டும் கண்ணால் பார்த்தே "இளைச்சுப் போச்சு" என்று விலை பேசிவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி. கௌரவம் பார்த்து அனுப்பாமலே இருந்தோம். டைரி எழுதிய மறுவாரம் நானே பேத்தியைத் தூக்கிப்போய் எடை பார்க்கச் சொன்னேன். 11 கிலோ 300. டீச்சர் அட்டையைக் காட்டி, "பச்சைக் கட்டத்துலதான் இருக்குது அய்யா, எதுக்குக் கவலைப்படறீங்க?" என்றார். சாப்பாட்டு நேரமாக இருந்ததால் பேத்தியையும் வரிசையில் உட்கார வைத்தார்கள். கலவை சாதமும் முட்டையும். பக்கத்துப் பயல் ஒரு கை அள்ளினான். இவளும் ஒரு கை அள்ளினாள். பாதி மடியில் கொட்டியது, பாதி வாய்க்குப் போனது. யாரும் ஊட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை, எதிரே செல்போன் இல்லை. முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை முடித்தாள். அன்று காலையிலிருந்து ஒரு பிஸ்கட்கூட உள்ளே போகவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

திணிப்பதைப் பற்றி நான் பேசத் தகுதியானவன், செய்தவன் என்பதால். 1984-ல் என் மகன் மூன்று வயசுப் பையன். சுரைக்காய்ச் சாம்பார் சோறு வேண்டாம் என்று துப்பினான். மண்டியில் அன்று ஏதோ கணக்கு உதைத்த கோபம் எனக்கு. மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் திணித்தேன். புரையேறி, கண் செருகி, நெஞ்சைத் தட்டி மீட்பதற்குள் என் உயிர் போய் வந்தது. இன்று அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சுரைக்காய் வாசம் வந்தால் இன்றும் பந்தியிலிருந்து எழுந்துவிடுகிறான். நான் ஊட்டிய பாடம் அவ்வளவுதான்.

செல்போன் அந்த மூக்குப் பிடியின் நவீன வடிவம். பிள்ளை படத்தைப் பார்த்து வாயைத் திறக்கிறது, நாம் உள்ளே தள்ளுகிறோம். பசித்ததும் தெரியாது, நிறைந்ததும் தெரியாது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயசு வரை திரையே வேண்டாம், ஐந்து வயசு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. அந்த ஒரு மணி நேரத்தையும் நாம் சோற்றோடு சேர்த்தே செலவழிக்கிறோம்.

"அப்போ பிள்ளை இஷ்டத்துக்கு விட்டுடலாமா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். 1926-ல் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். தாய்ப்பால் மறக்கிற வயசிலிருந்த குழந்தைகள், மொத்தம் 15 பேர். பால், முட்டை, இறைச்சி, தானியம், காய், பழம் என்று 34 விதப் பண்டங்களைத் தயார் செய்து, வேளைக்குச் சில தட்டுகளாக முன்னே வைத்தார்கள். எதை, எவ்வளவு என்பது குழந்தையின் விருப்பம். ஒன்றைப் போல் இன்னொன்று தின்னவில்லை. ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. இதில் சூட்சுமம் எங்கே என்பதை அவரே சொல்லியிருக்கிறார்: பண்டங்களின் பட்டியலில். அந்த 34-ல் சர்க்கரையும் இல்லை, டப்பாவில் அடைத்ததும் இல்லை.

பட்டியல் பெரியவர் கையில், அளவு பிள்ளை கையில். நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. சிப்ஸா பன்னா என்று பட்டியல் போடுவது பிள்ளை. "இன்னும் நாலு வாய்" என்று அளவு சொல்வது நாம்.

எங்கள் வீட்டில் என்ன மாற்றினோம் என்றும் சொல்லிவிடுகிறேன். பாலை நாளுக்கு இரண்டு டம்ளராகக் குறைத்தோம். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு; வயிற்றை அது மட்டுமே நிரப்பினால் ரத்தசோகைக்கு வழி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. நாலரை மணிக்கு ஒரு பழம் அல்லது நன்றாக மசித்த பயறு. அதற்குப் பிறகு ஏழரை வரை தண்ணீர் மட்டும். டீக்கடைக்கு நான் தனியாகப் போகிறேன். ஏழரைக்கு எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருகிறோம். எங்களுக்கு வைத்ததே அவளுக்கும், காரம் போடுவதற்கு முன் எடுத்து வைத்தது. அரை மணி நேரம். சாப்பிட்டாலும் பாராட்டு இல்லை, சாப்பிடாவிட்டாலும் பஞ்சாயத்து இல்லை.

முதல் மூன்று ராத்திரி இரண்டிரண்டு வாய்தான். இரண்டாம் நாள் வீட்டுக்காரி அடுக்களையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முந்தானைக்குள் ஒரு பன் இருந்தது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கொடுக்கவில்லை. நாலாம் நாள் அரிசிம்பருப்புச் சோறு. தன் கையாலேயே பாதித் தட்டைக் காலி செய்தாள். அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கீரையை இன்றும் விரலால் வழித்துத் தரையில் தேய்க்கிறாள். ஆனால் அப்பத்தா வழித்துக் கொடுக்கும் முருங்கைக்காய்ச் சதைக்குச் சண்டை போடுகிறாள். கேரளாவுக்கு லாரி லாரியாக முருங்கை அனுப்பிய ஊரில் பிறந்த பிள்ளைக்கு அதன் ருசி இரண்டரை வயசில்தான் தெரிந்தது. அந்தத் தப்பு யாருடையது?

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எடைக் கோடு இரண்டு மூன்று மாதமாக ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, பிள்ளை வெளிறிப்போனாலோ, மண்ணைத் தின்றாலோ, விழுங்கும்போதெல்லாம் புரையேறினாலோ, அது அடமில்லை. மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மற்றதெல்லாம் நம் சாயங்காலத்துச் சேட்டை.

சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்ததும் "தாத்தா" என்று ஓடிவரும் குழந்தையின் முகம் எனக்கும் தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பத்து ரூபாய் கொடுக்கிறோம். ஆனால் அந்தப் பத்து ரூபாய்க்கு மீதியை எட்டு மணிக்கு வேறொருத்தி கட்டுகிறாள், கண்ணீரால்.

போன தீபாவளிக்கு அந்த டைரிப் பக்கத்தைக் கிழித்து மருமகளிடம் கொடுத்து, "தப்பு என்மேலதான் அம்மா" என்றேன். அவள் வாங்கி மடித்து அரிசி டப்பா மூடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். யாராவது விருந்தாளி வந்து "பிள்ளை இளைச்சுப் போச்சே" என்று ஆரம்பித்தால், அவள் என்னைப் பார்ப்பாள். பதில் சொல்ல வேண்டியது நான்தான். சொல்லிவிடுகிறேன்.