காலைக் கடிக்கும் செருப்பும் கையை மறுக்கும் விசைப்பலகையும்



கணினி விளையாட்டுகளைப் பற்றி நம் குடும்பங்களில் பேச்சு எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் ஒரே தீர்ப்பில்தான் முடிகிறது: நேரம் வீணாகிறது, பிள்ளை கெட்டுப்போகிறான். சென்ற விடுமுறை வரை நானும் அந்தத் தீர்ப்பை வழங்கியவர்களில் ஒருவன். அதில் பாதி பிழை என்பதை உணர்த்திய ஒரு நிகழ்ச்சியை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாங்கள் வசிப்பது ஒடுகத்தூரில். எனக்கு வேலை ஆம்பூர்ப் பக்கம், ஒரு காலணித் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில். ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது என் மகன் கணினியின் முன் அமர்ந்து, விசைப்பலகையைக் கையால் அறைந்துகொண்டிருந்தான். சாப்பிட அழைத்த என் தாயாரிடம் சீறி விழுந்தான். நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மடிக்கணினியை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "இந்த விளையாட்டுதான் உனக்குக் கோபத்தைக் கற்றுத் தருகிறது" என்றேன். அவன் அழவில்லை. "அத்தா, நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்கள். சண்டைகூட வேண்டாம், நடந்து மட்டும் பாருங்கள்" என்றான்.

மறுநாள் அமர்ந்து பார்த்தேன். ஒரு பாத்திரத்தின் வேடமேற்று, ஊர் ஊராகச் சென்று, பலரோடு உரையாடி, கதையை நகர்த்தும் வகை விளையாட்டு அது. தெருவில் நடந்து ஒரு குறுகிய சந்துக்குள் திரும்புவதுதான் எனக்கிட்ட பணி. பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் மிதந்து வந்த காட்சி, சந்துக்குள் நுழைந்ததும் சுவரில் முட்டி, துள்ளி, பாத்திரத்தின் பின்தலையை மட்டும் திரை நிறையக் காட்டியது. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதே விளங்கவில்லை. முன்னோக்கி ஓடிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பித் தாவ மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினேன், தாவல் நிகழவில்லை. 'நீல நிறப் பொத்தானை அழுத்துக' என்று திரை அறிவுறுத்தியது. எங்கள் விசைப்பலகையில் நீல நிறப் பொத்தான் ஏது? கால் மணி நேரத்தில் தலை சுற்றியது. கோபமும் வந்தது. நாற்பத்தைந்து வயதில் எனக்கு வந்த கோபம் பதினான்கு வயதில் அவனுக்கு வந்ததில் வியப்பென்ன?

அதன்பின் இதன் காரணங்களைத் தேடிப் படித்தேன். இத்தகைய விளையாட்டுகள் பல, தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகளுக்காக முதலில் உருவாக்கப்படுகின்றன. இரு கைகளாலும் பிடிக்கும் கன்ட்ரோலரில் உள்ள சிறு குமிழை எந்தத் திசையிலும், மெதுவாகவோ வேகமாகவோ சாய்க்கலாம். விசைப்பலகைக்கு அழுத்தம் உண்டு, இல்லை என்ற இரு நிலைகள் மட்டுமே. நான்கு விசைகளால் எட்டுத் திசைகளைத்தான் காட்ட முடியும். மலிவான விசைப்பலகைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அவற்றின் உள்ளே கம்பித் தடங்கள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. குறிப்பிட்ட சில மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் மூன்றாவதை அவை பதிவு செய்வதில்லை. என் மகன் விசைப்பலகையை அறைந்ததற்குக் காரணம் அடங்காமை மட்டுமன்று. அவன் இட்ட கட்டளை உண்மையிலேயே போய்ச் சேரவில்லை.

தலைச்சுற்றலுக்கும் காரணம் இருக்கிறது. கண் நகர்கிறோம் என்கிறது. உட்காது அசையவில்லை என்கிறது. இரண்டும் முரண்படும்போது, பேருந்தில் படிப்பவருக்கு நேர்வதுபோல், குமட்டல் வருகிறது. தொலைவிலுள்ள தொலைக்காட்சிக்கென அமைத்த குறுகிய பார்வைக் கோணத்தை அருகிலுள்ள கணினித் திரையில் காணும்போது இது மிகும்.

கேமரா என்றதும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் 'கமரா' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்றொரு குறிப்பு நம் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. அது சரியன்று, அறை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல் அது. நமக்குப் பெருமை வேண்டுமெனில் உண்மையான பெருமையே இருக்கிறது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், 11ஆம் நூற்றாண்டில் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' என்ற நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, ஒளி பொருளிலிருந்து கண்ணை வந்தடைகிறது என்று நிறுவினார். இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைச் செலுத்திச் சோதித்தார். பார்ப்பவனைப் புரிந்துகொள்ளாமல் பார்வையைப் பற்றிப் பேச முடியாது என்பது அவர் உழைப்பிலிருந்து நான் பெறும் பாடம். விளையாட்டுக் கேமராவுக்கோ வில்லையும் இல்லை, அறையும் இல்லை; அது கணக்கில் வாழும் ஒரு புள்ளி. இடையில் சுவர் வந்தால் நெருங்குவதா, சுவரை மறைப்பதா, மேலேறுவதா என்பதை ஒரு மனிதர் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அதை அவர் செய்யாதபோது ஆடுபவன் குருடாகிறான்.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டுமன்று. ஜப்பானின் ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் 'டார்க் சோல்ஸ்' 2011இல் விளையாட்டுப் பெட்டிகளுக்கு வெளியானது. கணினிக்கும் வேண்டுமென்று 90,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு வேண்டினர். 2012 ஆகஸ்டில் அது வந்தது. மவுஸால் கேமராவைத் திருப்புவது பெரும்பாடு. திரையிலோ கன்ட்ரோலர் பொத்தான்களின் படங்கள். காட்சித் தெளிவும் 1024க்கு 720 என்று பூட்டப்பட்டிருந்தது. டூரான்டே என்ற புனைபெயர் கொண்ட ஒரு ரசிகர், வெளியான அன்றே, காட்சித் தெளிவைச் சீர்செய்யும் சிறு மென்பொருளை இலவசமாகத் தந்தார். மவுஸைச் சீர்செய்ய வேறொரு திருத்தமும் ரசிகர்களிடமிருந்தே வந்தது. அந்த விளையாட்டு கடினமானது என்பதற்காகவே புகழப்படுவது. ஆயினும் இரண்டு நாய்களோடு ஓர் எதிரி காத்திருக்கும் அதன் குறுகலான அறையில், தங்களைத் தோற்கடித்தது எதிரியன்று, கேமராதான் என்று முறையிட்டவர்கள் ஏராளம்.

மறுபக்கமும் உண்டு. போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் 'தி விட்சர் 3' என்ற விளையாட்டை வெளியிட்டது. கதாநாயகன் திரும்புவதற்குள் கப்பலே திரும்பிவிடும் என்பது போன்ற முறையீடுகள் எழுந்தன. அவ்வாண்டு ஜூலையிலேயே மாற்று நடைமுறை ஒன்றைத் திருத்தத்தில் சேர்த்தார்கள். ஆடுபவரைப் பழகிக்கொள்ளச் சொல்லாமல் தங்கள் பொருளைத் திருத்தினார்கள். (இவ்விரண்டும் வயது வந்தோருக்கானவை, சிறுவர்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை.)

தோல் தொழிலில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. காலணி, 'லாஸ்ட்' எனப்படும் பாத அச்சின்மீது இழுத்துக் கட்டப்படுகிறது. அச்சு தவறினால் எவ்வளவு உயர்ந்த தோலும் காலைக் கடிக்கும். மாதிரிக் காலணி கடித்தால் அதை அணிந்தவரின் பாதத்தை எங்கள் பிரிவில் எவரும் குறை சொல்வதில்லை, அச்சைத் திருத்துகிறோம். பிரிட்டிஷ் அளவுகளையே நெடுங்காலம் பின்பற்றி வந்த நம் நாட்டிலும், சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்து, 'பா' என்ற இந்திய அளவு முறையைப் பரிந்துரைத்தது. நம் பாதங்கள் பொதுவாக மேலைநாட்டுப் பாதங்களைவிட அகலமானவை என்பது அந்த ஆய்வில் தெரிந்தது. இத்தனை காலம் நாம் பாதத்தைக் குறை கூறினோம். குறை அச்சில் இருந்தது.

ஆகவே என் கருத்து இது. கடினம் வேறு, பொருந்தாமை வேறு. கடினமான கணக்கு பிள்ளையை வளர்க்கும். அச்சு மங்கிய கேள்வித்தாள் அவனைச் சோர்வடையச் செய்யும். பிள்ளை சினங்கொள்ளும்போது, இரண்டில் எதனால் என்று கேட்பது பெற்றோரின் கடமை. கேளாமல் தண்டித்தால், நியாயமான குறையைச் சொன்னாலும் செவிசாய்க்க ஆளில்லை என்ற பாடத்தையே அவன் கற்கிறான். நாளை பள்ளியிலோ வேலையிடத்திலோ ஒரு தவறு நேரும்போது அவன் நம்மிடம் வரமாட்டான்.

அதே வேளையில், கருவியின் பிழை என் தாயாரிடம் அவன் சீறியதை நியாயப்படுத்தாது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவரல்ல, கோபத்தில் தம்மை அடக்குபவரே வலிமையாளர் என்ற கருத்தை நபிகளார் (ஸல்) நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். கேமரா தவறலாம்; நாக்கு தவறக் கூடாது. இதை அவனிடம் சொன்னேன். அதைச் சொல்லும் தகுதி, கேளாமல் பூட்டியதற்கு நான் முதலில் வருத்தம் தெரிவித்த பிறகுதான் எனக்கு வந்தது. அவன் பாட்டியிடம் சென்று மன்னிப்புக் கேட்டான்.

பிறகு இருவரும் அமர்ந்து செய்தவற்றைப் பிறருக்கும் பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன். அமைப்புகள் பகுதியில் விசைகளை அவன் கைக்கு ஏற்ப மாற்றினோம். கேமராவின் வேகத்தைக் குறைத்தோம். பார்வைக் கோணத்தை விரித்தோம். திரை அதிர்வையும் அசைவு மங்கலையும் நிறுத்தினோம். தலைச்சுற்றல் பெரிதும் தணிந்தது. விலைக்கு வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கோரலாம். ஆகவே முதல் ஒரு மணி நேரத்தைப் பொருத்தம் பார்க்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்; கடையில் செருப்பைப் போட்டு நான்கு அடி நடந்து பார்ப்பதில்லையா?

எஞ்சிய குறைகளை விளையாட்டைச் செய்தவர்களுக்கு எழுதும்படி சொன்னேன். எந்த இடத்தில், எந்த விசைகளை அழுத்தியபோது, என்ன நேர்ந்தது என்று வசைச்சொல் ஏதுமின்றி எழுதினான். எங்கள் பரிசோதனை அறிக்கைகளுக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று. பதில் இன்னும் வரவில்லை. ஆனால் விசைப்பலகையை அறைந்த கை ஒரு முறையீட்டை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டது. மஃரிபுக்கு பாங்கு ஒலித்ததும் கணினியை இப்போது அவனே அணைக்கிறான். அலமாரிச் சாவிக்கு வேலையில்லை.