தலைக்கு மேலே உதிரும் காரை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பல வீடுகளில் ஒரு வேலை நடக்கும். கூரையின் உட்புறம் காரை பெயர்ந்த இடத்தில் சிமெண்டு வைத்து அடைப்பார்கள். அதன்மேல் வெள்ளை அடிப்பார்கள். பொங்கலுக்குள் வீடு புதிதாகிவிடும்.

அடுத்த மழையில் அதே இடம் மீண்டும் விழும்!

கொத்தனாரைத் திட்டிப் பயன் இல்லை. கீழே ஒட்டுப் போட்டார்கள். மேலே மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி நின்றதை யாரும் ஏறிப் பார்க்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவனுக்கு நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டுப் போன கதைதான் இது.

காரை விழுவதை அற்பமாக நினைக்கக் கூடாது. அதன் கீழேதான் குழந்தைகள் படுத்துத் தூங்குகிறார்கள்.

ஏன் விழுகிறது?

விழுந்த இடத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அங்கே கான்கிரீட் வழுவழுப்பாகத் தெரிந்தால் காரை மட்டுமே பிடிப்பு விட்டிருக்கிறது. தளம் போடும்போது அடியில் இரும்புத் தகடு கட்டுவார்கள். தகட்டைப் பிரித்ததும் கான்கிரீட் கண்ணாடி போல் இருக்கும். அதைக் கொத்திவிட்டுப் பூசினால்தான் காரை பிடிக்கும். கொத்தாமல் பூசியது என்றாவது ஒரு நாள் விழும். இது சிறிய கோளாறு.

துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? அது பெரிய கோளாறு. இரும்பு துருவாக மாறினால் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். உள்ளே பருத்த கம்பி, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். முதலில் கம்பி போகும் வழியே நேர்கோட்டில் விரிசல் விடும். செம்பழுப்பு நிறத்தில் கறை கசியும். பிறகு பாளம் பாளமாக விழும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இந்தக் கேடு சீக்கிரமே வந்துவிடுகிறது. கடல் மணல் கலந்து கட்டிய வீடு என்றால் சொல்லவே வேண்டாம்!

கட்டும்போது செய்த சிக்கனமும் இதில் சேர்ந்துகொள்ளும். தளக் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட், அதாவது கிட்டத்தட்ட ஒரு கட்டை விரல் அகலம், இருக்க வேண்டும். கடலோரத்தில் இன்னும் அதிகம் வேண்டும். அதற்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னஞ்சிறு கட்டைகளின் விலை அற்பம். அதைக்கூட மிச்சம் பிடித்தவர்கள் உண்டு.

ஒரு மூங்கில் கழி போதும்

வீட்டில் உள்ளவர்களே சோதனை செய்யலாம். மூங்கில் கழியால் தளத்தின் அடிப்புறத்தை மெல்லத் தட்ட வேண்டும். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். பிடிப்பு விட்ட இடம் காலிப் பானை போல் 'டொப்' என்று ஒலிக்கும். நேர் கீழே நின்று தட்டக் கூடாது. ஒதுங்கி நிற்க வேண்டும்.

அப்படி ஒலித்தால் முதல் வேலை, கட்டிலை நகர்த்துவது. தொட்டில் கட்டும் கொக்கியும் மின்விசிறிக் கொக்கியும் அந்தத் தளத்தில்தான் இருக்கின்றன. தொட்டில் கொக்கியைச் சுற்றிக் கறையோ விரிசலோ தெரிந்தால், அன்றைக்கே தொட்டிலை அவிழ்த்துவிட வேண்டும். நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

வைத்தியம் எங்கே தொடங்க வேண்டும்?

மாடியில்தான். மழைநீர் போகும் குழாயில் சருகு அடைத்திருக்கும். தட்டோடுகளின் இணைப்பில் வெடிப்பு இருக்கும். சுவர் ஓரத்தில் அரசங்கன்று வேர் விட்டிருக்கும். தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஈரம் காயாமல் இருக்கும். இவற்றைச் சரி செய்யாமல் கீழே எத்தனை மூட்டை சிமெண்டு பூசினாலும் அது வீண் செலவு.

அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் மாடியில் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். தண்ணீர் நிற்காமல் ஓட வாட்டம் விடுவார்கள். இன்று டப்பாவில் விற்கும் பூச்சு எதை வாங்கி அடித்தாலும் அந்த வாட்டம் இல்லாவிட்டால் பலன் இல்லை.

கசிவு நின்று, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு கீழே வரலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தளர்ந்த காரை முழுவதையும் தட்டி எடுக்க வேண்டும். "இது விழாது" என்று பாதியை விட்டுவைத்தால் அதுதான் அடுத்து விழும். வழுவழுப்பான இடத்தைக் கொத்தி, தூசி போகக் கழுவி, சிமெண்டுப் பால் அடித்து, அது காயும் முன் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து மெல்லியதாகப் பூச வேண்டும். பள்ளம் ஆழம் என்றால் இரண்டு தடவையாகப் பூசலாம். ஒரு வாரம் ஈரம் காட்டி, முழுதும் உலர்ந்த பின்பே பட்டியும் வெள்ளையும்.

சிறிய இடம் என்றால் இதை வீட்டில் ஒருவரே செய்துவிடலாம். கம்பி வெளியே தெரிந்தால் மட்டும் கை வைக்கக் கூடாது. பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும். கம்பி இளைத்துப்போயிருந்தால் தளத்தின் பலமே குறைந்திருக்கும்.

இப்போது பல வீடுகளில் ஜிப்சம் பலகையால் அலங்காரக் கூரை போடுகிறார்கள். நனைந்தால் ஜிப்சம் ஊறி இளகிவிடும். நனைந்த பகுதியைச் சதுரமாக அறுத்து எடுத்து, அதே அளவில் புதுத் துண்டை முடுக்கி, இணைப்பில் நாடா ஒட்டிப் பட்டி பார்த்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த அலங்காரம், மேலே உள்ள விரிசலைக் கண்ணில் படாமல் மறைத்துவிடும். அறுத்த துவாரத்தின் வழியே விளக்கு அடித்து, உண்மைத் தளத்தையும் பார்த்துவிட்டே மூட வேண்டும்.

யார் செலவு?

2021 டிசம்பர் 27-ந்தேதி சென்னை திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து தரைமட்டமானது. விரிசலைக் கண்டவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைப் பூசி மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வாடகை வீடுகளில் நடப்பது அந்த மறைப்பு வேலைதான். காரையைச் சரி செய்யச் சொன்னால் "காலி செய்துகொள்ளுங்கள்" என்று பதில் வரும். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம், குடியிருப்பவர் உண்டாக்காத கட்டிடப் பழுதுகளை வீட்டுக்காரர் பொறுப்பில் வைத்திருக்கிறது. இதை இரு தரப்பாரும் தெரிந்துகொள்வது நல்லது. புது வீடு பார்க்கப் போகிறவர்கள் அடுப்படியையும் குழாயையும் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். கையோடு ஒரு கழியும் கொண்டுபோய், படுக்கை அறையின் கூரையை நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.