முதல் வரியில கிண்டியை எழுதட்டும்

மே மாசம் வந்தா எங்க மரக்காணம் பக்கத்துல ரெண்டு கணக்கு ஓடும். ஒண்ணு, தர்பூசணி டன் என்ன விலைக்குப் போகுதுங்கறது. இன்னொண்ணு, பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்களோட கட்-ஆஃப். கணக்குப் பாடத்துல வாங்கினது அப்படியே 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50க்கு. ஆக மொத்தம் 200. நகரத்துல இருக்கற உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சதுதான். அந்த நம்பர் கைக்கு வந்ததும் ஊர்ல என்ன பேச்சு நடக்குதுங்கறது தெரிஞ்சிருக்காது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்க தெருவுக்குப் பின்னால உப்பளத்துல வேலை செய்யற குடும்பம் ஒண்ணு இருக்கு. அந்த வீட்டுப் பொண்ணு ஆறாவதுலேருந்து அரசுப் பள்ளியில படிச்சவ. கணக்கு 72, இயற்பியல் 68, வேதியியல் 70. கட்-ஆஃப் 141. எலெக்ட்ரிகல் படிக்கணும், கிண்டியில படிக்கணும்னு சொன்னா. சென்னையிலேருந்து லீவுக்கு வந்திருந்த உறவுக்காரர் சிரிச்சுட்டாரு. "141க்குக் கிண்டியாம்மா? உன் மார்க்குக்குத் தக்கன பாரும்மா"ன்னாரு. நல்ல மனுஷர்தான். அக்கறையாத்தான் சொன்னாரு. அந்த அக்கறையைப் பத்திதான் எனக்கு வருத்தம்.

அவ எழுதப்போற பட்டியல்ல முதல் வரி கிண்டியாத்தான் இருக்கணும்ங்கறது என் கட்சி. காரணம் சொல்றேன்.

பொறியியல் கலந்தாய்வுல விருப்பப் பட்டியல் எவ்வளவு நீளமா வேணும்னாலும் போடலாம். கம்ப்யூட்டர் என்ன செய்யுதுன்னா, ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு புள்ளையா எடுத்து, அந்தப் புள்ளையோட பட்டியலை மேலேருந்து பாத்துக்கிட்டே வரும். காலியா இருக்கற முதல் இடத்தைக் கொடுத்துடும். மேல இருக்கறது கிடைக்கலேன்னா அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். கிண்டியை முதல்ல போட்டதுக்காக கீழ இருக்கற விழுப்புரம், திண்டிவனம் அரசு பொறியியல் கல்லூரி எதுவும் கையை விட்டுப் போகாது. ஆசைப்படறதுக்கு அபராதம் இல்லாத முறை இது. ஆனா கிண்டியை எழுதாம விட்டா, ரேங்க் எட்டியிருந்தாலும் அந்த இடம் அவளுக்கு வராது.

அடுத்தது, பேப்பர்ல "போன வருஷ கட்-ஆஃப்"னு பெரிசா போடற நம்பர் பெரும்பாலும் பொதுப்பிரிவோடது. 2021ல தமிழ்நாடு அரசு சட்டம் போட்டு, ஆறாவதுலேருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச புள்ளைங்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் இதுலெல்லாம் 7.5 சதவீதம் ஒதுக்கினாங்க. மருத்துவத்துக்கு அதுக்கு முந்தின வருஷமே வந்துடுச்சு. இவங்களுக்கு ரேங்க் பட்டியல் தனி. அதுக்குள்ளயும் சாதிவாரி இடஒதுக்கீடு உண்டு. அந்தப் பொண்ணு பாக்க வேண்டியது அந்த வரிசையை. உறவுக்காரர் பாத்தது வேற வரிசையை.

இன்னொரு விஷயம் இருக்கு, இது பலபேருக்குத் தெரியறதில்ல. 7.5ல சேர்ற புள்ளைக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுது. கிண்டியில சேந்தாலும் அதே, ஏதோ ஒரு தனியார் கல்லூரியில சேந்தாலும் அதே. அதனாலயே ஊருக்குள்ள ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. போன மாசம் ஒருத்தர் வழவழ நோட்டீசோட வந்தாரு. "எல்லாம் ஃப்ரீம்மா, பஸ் வீட்டுக்கே வரும், எங்க காலேஜை முதல்ல போட்டுடு, பாஸ்வேர்டைக் குடு, நானே போட்டுத் தர்றேன்"னாரு. அந்த ஃப்ரீ அவரு கொடுக்கறது இல்லீங்க, அரசாங்கம் கொடுக்கறது. தெரியாத குடும்பம் பாஸ்வேர்டைக் கொடுத்துடும். மல்லாட்டை வியாபாரி களத்துக்கே வந்து மூட்டையை மொத்தமா பேசறான்னா நாங்க உஷாராயிடுவோம். பட்டியல்னு வந்தா அந்த உஷார் இல்லை.

இப்ப உங்கள்ல சிலர் கேக்கற கேள்விக்கு வர்றேன். "185 எடுத்த என் புள்ளைக்கு இல்லாத சீட்டு 141க்கா?" கேள்வியில நியாயமே இல்லேன்னு சொல்லமாட்டேன். 185க்குப் பின்னாலயும் ஒரு புள்ளையோட ரெண்டு வருஷத் தூக்கம் இருக்கு. ஆனா ஒரு விவசாயியா எனக்குத் தோணறது இது. போர் தண்ணியில விளைஞ்ச மல்லாட்டையையும் மானாவாரியில விளைஞ்சதையும் எடைபோட்டா எது ஜாஸ்தின்னு சொல்லிடலாம். எந்த விதை நல்ல விதைன்னு தராசு சொல்லாது. மழை தப்பின கொல்லியில பாதி விளைச்சல் கண்ட விதையை நாங்க அடுத்த பட்டத்துக்குத் தனியா எடுத்து வைப்போம்.

அந்த 141 விளைஞ்ச கொல்லியைச் சொல்றேன். இங்க ஜனவரியில உப்பு சீசன் ஆரம்பிச்சா, வெயிலுக்கு முந்தி வேலை முடியணும்னு அப்பா அம்மா ரெண்டு பேரும் இருட்டுலயே அளத்துக்குக் கிளம்பிடுவாங்க. சமையல், தண்ணி பிடிக்கறது, தம்பியைக் கிளப்பறது எல்லாம் இவ. பொதுத் தேர்வு வர்றது மார்ச்சுல, சரியா சீசன் நடுவுல. அதுக்கு முன்னாடி 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறினப்ப எங்க ஏரியா மொத்தமும் தண்ணி, உப்பளம் எது கடல் எதுன்னு தெரியல. எங்க மாவட்டத்துல அரையாண்டுத் தேர்வையே தள்ளி வச்சாங்க. டியூஷன்? அதுக்குத் திண்டிவனமோ புதுச்சேரியோ போகணும். போயிட்டுத் திரும்பினா ராத்திரி.

ஒரே புள்ளையை ரெண்டு தராசுல வச்சா என்ன ஆகும்ங்கறதைத் தமிழ்நாடு 2017ல பாத்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியோட பொண்ணு. பிளஸ் டூவில 1200க்கு 1176. நீட்டுல 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்க் கேட்டுச்சு அந்தப் புள்ளை. இடம் கிடைக்கல, நமக்கு அவளும் இல்லாம போனா. அந்த ரெண்டு நம்பர்ல எது அனிதா?

அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்துல 1997ல ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க. எந்தப் பள்ளியா இருந்தாலும் சரி, அங்க முதல் பத்து சதவீதத்துக்குள்ள வந்த புள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்துல இடம் உண்டு, பொது நுழைவுத் தேர்வு மார்க் கம்மியா இருந்தாலும். புள்ளையை அது நின்ன மண்ணுலயே வச்சு அளக்கற யோசனை. நம்ம 7.5ம் கிட்டத்தட்ட அதே வழிதான், அளவு சின்னது. நூத்துல 92.5 இடம் பழைய தராசுலதான் இன்னும் போகுது. (கிண்டி கல்லூரியே 1794ல நில அளவை சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்தான். மண்ணைப் பாத்து அளக்கறது அவங்களுக்குப் புதுசில்ல.)

எனக்கு உண்மையான பயம் சீட்டு கிடைக்கறதுல இல்ல, அதுக்கப்புறம். தமிழ் மீடியத்துல படிச்ச புள்ளை முதல் நாள் வகுப்புல உக்காந்தா பாடம் முழுக்க இங்கிலீஷ். பக்கத்துல இருக்கறவன் பதினொண்ணாவதுலயே கால்குலஸை ரெண்டு தடவை முடிச்சவன். முதல் செமஸ்டர்ல ரெண்டு அரியர் விழும். 'உன் மார்க்குக்குத் தக்கன'ங்கற பேச்சு திரும்பக் காதுல ஒலிக்கும். எங்க பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் நல்ல கல்லூரியில சேந்து, மூணாவது மாசம் பெட்டியோட திரும்பி வந்துட்டான், இப்ப டெலிவரி வேலை பாக்கறான். அவனுக்கு மூளை போதலேன்னு ஊர் சொல்லுது. கேட்டா, "சந்தேகம் கேக்க யாரையும் தெரியலண்ணே"ங்கறான். இடம் கொடுத்த அரசாங்கம் முதல் வருஷத்துக்கு ஒரு தனி வாத்தியார், சாயந்தர வகுப்பு, தமிழ்ல புரியவைக்க ஒரு சீனியர்னு எல்லாக் கல்லூரியிலயும் கட்டாயம் ஆக்கணும். கட்டணம் கட்டறதோட பொறுப்பு முடிஞ்சதுன்னா, பாதிக் கிணறு வெட்டின கதை.

இந்த வலைப்பூவைப் படிக்கறவங்கள்ல நிறையப் பேர் இன்ஜினியருங்க, சிலர் அதே கிண்டியில படிச்சவங்க. பணம் யாரும் அனுப்ப வேண்டாம். சொந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அரசுப் பள்ளிப் புள்ளையோட போன்ல அரை மணி நேரம் உக்காந்து, கல்லூரி கோடு நம்பர் பாத்து, பட்டியலை வரிசைப்படுத்திக் கொடுங்க. எந்தப் பிரிவுல ஆய்வகம் நல்லாருக்கு, எந்தக் கல்லூரி பேருக்குத்தான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அப்புறம் செப்டம்பர், அக்டோபர்ல, முதல் இன்டர்னல் முடிஞ்ச வாரம், ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்க. "நல்லாருக்கேண்ணா"ன்னுதான் சொல்லும். எந்தப் பாடம் புரியலன்னு திரும்பக் கேளுங்க.