பொறியியல் மாணவனின் வாரக் கணக்கு

பகுதிநேர வேலை செய்து குடும்பத்துக்குக் கைகொடு, கோயிலை மறக்காதே, நல்ல சிநேகிதம் வைத்துக்கொள், படிப்பில் குறியாக இரு. தன்முனைப்பு மேடைகளில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் இந்த நான்கும் தனித்தனியே நல்ல புத்திமதிதான். நான்கையும் கூட்டிப் பார்த்தவர்தான் யாருமில்லை.

மலேசியத் தகுதி முகமையின் கணக்குப்படி, ஒரு கிரெடிட் பாடத்துக்கு மாணவன் 40 மணி நேரம் உழைக்க வேண்டும். வகுப்பு, ஆய்வுக்கூடம், அறையில் படிப்பது எல்லாம் இதில் அடக்கம். பொறியியல் பட்டத்துக்குக் குறைந்தது 135 கிரெடிட். எட்டுப் பருவங்களுக்குப் பிரித்தால் பருவத்துக்குச் சுமார் 17, அதாவது 680 மணி நேரம். தேர்வு வாரங்களையும் சேர்த்துப் பருவம் 17 வாரம் என்று வைத்துக்கொண்டாலும், வாரத்துக்கு 40 மணி நேரம் படிப்புக்கே போய்விடுகிறது. முழுநேரத் தொழிலாளிக்கே 2023 முதல் சட்டம் வைத்திருக்கும் வரம்பு வாரம் 45 மணி நேரம். ஆக, பேராக், ஸ்ரீ இஸ்கந்தாரில் உள்ள பல்கலைக்கழகத்தில் வார நாளெல்லாம் படித்துவிட்டு, வார இறுதியில் ஈப்போவில் மோட்டாரில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவன் இரண்டாவது முழு உத்தியோகத்தில் கால் வைக்கிறான். பெண்பிள்ளை என்றால் வீட்டுச் சமையற்கட்டு மூன்றாவது.

முன்பு பேராக்கின் ரப்பர் தோட்டப்புறங்களில் வேலை, கோயில், சிநேகிதம் எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கு, மத்தியானத்துக்குள் பால் நிறுத்து முடியும், மாலையில் மாரியம்மன் கோயில் வாசல், பந்துத் திடல். பக்கத்து நிரையில் மரம் சீவியவனேதான் திருவிழாவில் காவடிக்குத் துணை நடந்தான். அந்த வாழ்க்கையை மெச்சிக்கொள்ளவும் முடியாது. தோட்டப் பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும், அதற்குமேல் படிக்கப் பட்டணத்துக்குப் பஸ் காசு வேண்டும். தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பொறியியலாளர் வருவது அபூர்வம். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்தன, சனம் பட்டணத்துக்குப் பெயர்ந்தது. பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டார்கள். ஆனால் லயமே கூடிச் சுமந்ததை இப்போது ஒருவரே சுமக்கிறார்.

மணி நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது சிநேகிதமும் கோயிலும். படிப்புக்கு அவை இடையூறு என்ற நினைப்பு பெற்றோருக்கும் உண்டு. பொறியியலில் இது தலைகீழ். வெப்ப இயக்கவியல் கணக்கு ஒன்றில் விடை ஏன் பொருந்தவில்லை என்று தனியே உட்கார்ந்து நீராவி அட்டவணையைப் புரட்டுபவனுக்கு ஓர் இரவே போய்விடும். பக்கத்தில் நண்பன் இருந்தால், "டேய், அது கேஜ் பிரஷர்டா, 101 கூட்டலையா?" என்பதோடு முடிந்தது.

சிநேகிதமும் கோயிலும் படிப்புக்குத் துணை என்பதைச் செய்துகாட்டியவர் வரலாற்று ஆய்வாளர் டாக்டர் தம்பிராஜா. 1982இல் அவர் தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்கள் தொண்டர்களாக வந்து இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் போனார்கள். அங்கே பக்தி, நட்பு, படிப்பு மூன்றுக்கும் ஒரே மணி நேரம் போதுமாக இருந்தது. சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் பாடம் உறுதிப்பட்டிருக்கும்.

நான்கில் உண்மையாகவே படிப்பின் நேரத்தைத் தின்பது கூலி வேலைதான். அதைப் பிள்ளை விரும்பிச் செய்யவில்லை. பிடிபிடிஎன் எனும் அரசுக் கல்விக் கடன் கட்டணத்துக்குப் போனபின் மிஞ்சுவதில் மாதம் ஓடாது. ஆகவே நேரத்தைத் திட்டமிடு என்று அவனிடம் சொல்வதைவிட, அந்த மணி நேரத்தை யார் விலைக்கு வாங்கிக் கொடுப்பது என்று நாம் கேட்டுக்கொள்வது நியாயம். கூடிப் பணம் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த மஇகா தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களின் சிறு சந்தாவில் தோட்டங்களையே வாங்க முடிந்தது.

தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங் சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை முருகன் கோயிலுக்கு நடக்கும் கூட்டத்துக்கு வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். அந்தப் பந்தல்காரர்களே தேர்வு மாதங்களில் ஒரு மாணவனின் வார இறுதிக் கூலியை ஏற்கலாம். பதிலுக்கு அவன் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கணிதம் எடுக்கட்டும். கோயில் பணம் சாமிக்குத்தான் என்பவர்கள் இருப்பார்கள். உண்டியலைத் தொட வேண்டாம், தனிக் கணக்கு திறக்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கோயில், ஐந்து மாணவர் போதும். ஆண்டு முடிவில் தணிக்கை செய்த வரவுசெலவைப் பொதுக்கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும்.